மரக் கடைசல் கத்துக்கப் போறீங்களா? உளி வாங்கும் முன் இதைக் கவனிங்க!

பம்பரம், பூரிக்கட்டை, கட்டில் கால், அம்பாசமுத்திரம் மரச் சொப்பு... எல்லாமே கடைசல் மெஷினில் உருவாகும் பொருட்கள்தான். இதைப் பொழுதுபோக்காகக் கற்க நினைக்கும் பலர் செய்யும் முதல் தவறு, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 8 உளி கொண்ட செட்டை வாங்குவது. அதில் பாதி உளி பெட்டியை விட்டே வெளியே வராது. அப்போ எதை வாங்கலாம்? விரிவாகப் பார்ப்போம்.

எந்த இரும்பு நல்லது?

சாதாரண கார்பன் ஸ்டீல் உளி விலை குறைவு. ஆனால் சாணை பிடிக்கும்போது சூடாகி முனை நீலமாக மாறினால், அந்த இடத்தில் கடினத்தன்மை போய்விடும். பிறகு கூர் நிற்காது. 'ஹை ஸ்பீடு ஸ்டீல்' எனப்படும் எச்எஸ்எஸ் உளி அதிக வெப்பத்தைத் தாங்கும், கூரும் நீண்ட நேரம் நிற்கும். புதியவர்கள் சாணையில் அடிக்கடி தவறு செய்வார்கள் என்பதால் எச்எஸ்எஸ் உளிதான் சரி.

கார்பைடு முனை வைத்த உளிகளும் உண்டு. சாணை பிடிக்கவே தேவையில்லை. முனை மழுங்கினால் திருப்பி மாட்டலாம், பிறகு மாற்றலாம். ஆனால் இது பெரும்பாலும் மரத்தைச் சுரண்டும் வகை என்பதால், நல்ல உளி சீவித் தரும் வழவழப்பு எளிதில் கிடைக்காது.

முதலில் எத்தனை உளி தேவை?

நீளமான பொருட்களைக் கடைய நான்கு போதும். சதுரக் கட்டையை உருளையாக்க ரஃபிங் கௌஜ், வளைவுகளுக்கு 10 மி.மீ. ஸ்பிண்டில் கௌஜ், வெட்டிப் பிரிக்க 3 மி.மீ. பார்ட்டிங் உளி, வழவழப்பாக்க ஸ்கியூ உளி. கிண்ணம் செய்யணும்னா தனியாக ஒரு பவுல் கௌஜ் வாங்குங்க.

இங்கேதான் ஆபத்து. ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜை கிண்ணம் கடையப் பயன்படுத்தவே கூடாது. கைப்பிடிக்குள் போகும் அதன் வால் பகுதி மெலிதானது. மரத்தில் மாட்டி இழுத்தால் அது உடைந்து முகத்தில் தெறிக்கலாம். பழைய அரத்தைத் தேய்த்து உளியாக்குவதும் இதே ஆபத்துதான். அரம் கடினம், ஆனால் சட்டென முறியும்.

கைப்பிடி ஏன் முக்கியம்?

கைப்பிடி ஒரு நெம்புகோல் மாதிரி. டூல் ரெஸ்ட்டைத் தாண்டி உளி 2 அங்குலம் நீட்டியிருக்கு, உங்கள் கை ரெஸ்ட்டிலிருந்து 16 அங்குலம் தள்ளி இருக்குன்னு வைங்க. முனையில் மரம் கொடுக்கும் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான் கைக்கு வரும். கை 6 அங்குலத்திலேயே இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். அதனால்தான் சிறிய உளிக்கு 10-12 அங்குலக் கைப்பிடி போதும். பவுல் கௌஜுக்கு 16 அங்குலமாவது தேவை.

கடையில் பார்க்க வேண்டியவை:

* கைப்பிடியின் மர ரேகை நீளவாக்கில் ஓடணும். குறுக்கே ஓடினால் உடையும்.
* முனையில் உலோகப் பூண் இறுக்கமாக இருக்கணும். காயாத மரம் என்றால் சுருங்கிப் பூண் கழன்றுவிடும்.
* உளியும் கைப்பிடியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கணும்.
* பிடித்தால் கைக்கு அடங்கணும். அதிக வார்னிஷ் போட்டால் வழுக்கும்.

கைப்பிடி இல்லாத உளியும் கிடைக்கும். கருவேல மரத்தில் நீங்களே ஒரு பிடி கடையலாம். அதுவே நல்ல முதல் பயிற்சி!

பட்ஜெட் போடும்போது சாணை மெஷினையும் முகக் கவசத்தையும் மறந்துடாதீங்க. மெஷின் ஓடும்போது கையுறை, தொங்கும் துப்பட்டா, தளர்வான சட்டைக் கை எதுவும் வேண்டாம். சுழலும் மரம் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். எட்டு மலிவு உளியை விட, கூராக இருக்கும் மூன்று நல்ல உளியே உங்களுக்கு வேலையைக் கற்றுத்தரும்.