பின்கட்டைக் காட்டும் சிறிய லென்ஸ்

கீழச்சிவல்பட்டியில் பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால், வளவையும் இரண்டாங்கட்டையும் கடந்து பின்கட்டு வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். கண்ணுக்குப் பின்கட்டு விழித்திரை. ஆனால் அதனை அத்துணை எளிதில் காண இயலாது. கண்ணின் ஒளிவிலக்கும் ஆற்றல் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியுடையது. அதனால் நுண்ணோக்கி மட்டும் கொண்டு விழித்திரையைத் தெளிவாகக் காண முடிவதில்லை. கருவிழியின்மேல் ஒரு சிறிய லென்ஸை வைத்து, அவ்வாற்றலை ஈடுசெய்தே உள்ளே நோக்குகிறோம்.

1970இல் அமெரிக்காவின் மயாமியில் ராபர்ட் மாக்கமர் தொடங்கிவைத்த விட்ரெக்டமி அறுவை, நீரிழிவால் கண்ணுள் இரத்தம் கசிந்தவர்களுக்கும் விழித்திரை விலகியவர்களுக்கும் பார்வையைக் காக்க உதவுகிறது. அதில் சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வை உரிக்க நேரிடும். அப்போது காட்சி மங்கினால் கருவி விழித்திரையைக் காயப்படுத்தக்கூடும்.

“ஒருமுறை வைத்து எறிவதற்கா இந்தச் செலவு?” என்று குடும்பத்தார் கேட்பது நியாயமே. மீண்டும் பயன்படுத்தும் லென்ஸில் நாளடைவில் கீறலும் மங்கலும் விழலாம். ஆட்டோகிளேவ் வெப்பத்தைத் தாங்காதவற்றை எத்திலீன் ஆக்சைடு வாயுவால் தூய்மைசெய்து, வாயு நீங்கப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒருமுறை லென்ஸ் கிருமிநீக்கிய உறையிலிருந்து புதிதாக வருகிறது.

எனினும் புதியது என்பதாலேயே அது சிறந்ததாகிவிடாது. ஒரே மருத்துவர், ஒத்த தன்மையுள்ள அறுவைகளில், இருவகையையும் பயன்படுத்திப் பார்த்தலே முறை. காட்சி ஓரம்வரை தெளிவாக உள்ளதா? கண்ணைத் திருப்பும்போது லென்ஸ் நழுவுகிறதா? அடியில் காற்றுக்குமிழியோ இரத்தமோ புகுகிறதா? கருவிழியின் மேற்படலம் உராய்வின்றி இருக்கிறதா? நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்படலம் எளிதில் உரியும். ஆதலால் கடைசிக் கேள்வி முதன்மையானது.

விலையையும் கழிவையும் புறக்கணிக்க இயலாது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப், 1992 முதல் கண்ணுள் பொருத்தும் லென்ஸ்களை எளியோர்க்கும் எட்டும் விலையில் தயாரித்துவருகிறது. அரவிந்தில் ஒரு கண்புரை அறுவையால் வெளியாகும் கரியமில வாயு, பிரிட்டனில் வெளியாவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே என 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பொருள்களை அளவறிந்து பயன்படுத்துவதும் நல்ல மருத்துவமே.

எந்த லென்ஸாயினும், காலந்தாழ்ந்து வருபவருக்கு அது முழுப் பயன் தராது. கண்ணில் மின்னல் கீற்றுகள், திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்தாற்போன்ற நிழல் ஆகியவை தோன்றினால் அன்றைக்கே வாருங்கள். நீரிழிவு உள்ளோர், பார்வை நன்றாக இருப்பினும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுகிறோம்.