எந்த அலமாரி திறந்திருந்தது?

லேடாங் மலைப்பக்கம் இடி இடித்தால் தங்காக் கடைவீதியில் கரண்ட் எந்த நிமிடம் போகும் என்று சொல்ல முடியாது. துணிக்கடையொன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “அண்ணே, ஒரே கணக்கை ரெண்டு வட்டுலயும் எழுதுற மாதிரிதானே வச்சிருக்கோம்? கரண்ட் வந்த பிறகு ஏன் ராத்திரி பூரா வட்டு ஓடுது?”

நியாயமான கேள்வி. இரண்டு வட்டிலும் எழுத்து ஒரே கணத்தில் விழுவதில்லை. ஒன்றில் விழுந்து மற்றதில் விழும் முன் கரண்ட் போனால், இரண்டும் எங்கோ ஓரிடத்தில் வேறுபட்டு நிற்கும். எங்கே என்று லினக்ஸுக்குத் தெரியாது. அதனால் ஒன்றை முழுதாக மற்றதன்மேல் படியெடுக்கிறது. வட்டு 4 டெராபைட், வேகம் நொடிக்கு 150 மெகாபைட் என்றால், ஏறக்குறைய ஏழரை மணி நேரம்.

இதற்குத்தான் மாற்றக் குறிப்பேடு. லினக்ஸில் வட்டுகளை இப்படிச் சேர்த்துவைக்கும் கருவியான எம்டிஆட்மில் அதன் பெயர் பிட்மேப். அதே வேலையைச் செய்யும் வெரிட்டாஸ் மென்பொருளில் டர்ட்டி ரீஜன் லாக். துணிக்கடையில் எந்த அலமாரியைத் திறக்கிறோம் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு துணிக்கட்டை எடுப்பதுபோல. விளக்கு அணைந்தால், எழுதி வைத்த அலமாரிகளை மட்டும் எண்ணினால் போதும்.

அந்த ‘முதலில்’ முக்கியம். எழுதிய பிறகு குறித்தால், இரண்டுக்கும் நடுவே கரண்ட் போகும்போது குறிப்பே இருக்காது. அதனால் குறி வட்டில் பதிந்த பிறகுதான் உண்மையான எழுத்து இறங்கும். எழுத்து இரண்டு பக்கமும் சேர்ந்த பிறகு சில நொடி பொறுத்துக் குறி அழியும். அதே இடத்தில் அடுத்த பில் வந்தால் மறுபடி குறிக்க வேண்டாம் அல்லவா.

அளவைப் பாருங்கள். 64 மெகாபைட்டுக்கு ஒரு குறி என்றால், 4 டெராபைட்டுக்குச் சுமார் 59,600 குறிகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிட். மொத்தம் 8 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது! கரண்ட் போனபோது 40 குறிகள் இருந்திருந்தால், படியெடுக்க இருபது நொடிதான் ஆகும்.

சேர்ப்பது ஒரே வரி. எம்டிஆட்முக்கு ‘க்ரோ’ கொடுத்து, பிட்மேப் ‘இன்டர்னல்’ என்று சொன்னால் முடிந்தது, எடுக்க ‘நன்’. வெரிட்டாஸில் விஎக்ஸ்அசிஸ்டுக்கு ‘ஆட்லாக்’. குறியின் அளவை மாற்ற, பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அளவு சிறிதானால் குறிக்கும் வேலை கூடி எழுத்து மெதுவாகும். பெரிதானால் மீட்கும் நேரம் கூடும். கடை பில்லுக்கு 64 தாராளம், மாற்றவே வேண்டாம் என்பேன். எத்தனை குறி அழியாமல் இருக்கிறது என்று பார்க்க ‘எக்ஸாமின்-பிட்மேப்’ உண்டு; அதற்கு இரண்டு வட்டும் சேர்ந்த எம்டி சாதனத்தின் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் வட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இன்னொரு பலனும் உண்டு. கேபிள் தளர்ந்து ஒரு வட்டு விலகிவிட்டால், அது இல்லாத நேரத்துக் குறிகள் அழியாமல் நிற்கும். ‘ரீ-ஆட்’ கொடுத்துச் சேர்த்தால் விட்டுப்போனது மட்டும் படியாகும். புத்தம் புது வட்டு போட்டால் இந்தச் சலுகை கிடையாது, முழுதும் ஓடத்தான் வேண்டும்.

குறிப்பேடு காப்புப்பிரதி அல்ல, தம்பி. தவறுதலாக அழித்த பில் இரண்டு வட்டிலும் ஒன்றாக அழியும். வேறு கட்டடத்தில் ஒரு நகல் எப்போதும் இருக்கட்டும்.

“இப்பவே போட்டுடலாமாண்ணே?”

முதலில் வட்டுகளின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பாருங்கள். அடைப்புக்குறிக்குள் இரண்டு யூ இருந்தால் இரண்டு வட்டும் சேர்ந்திருக்கின்றன. அதன் கீழே ரீசிங்க் என்று சதவீதம் ஏறிக்கொண்டிருந்தால் பிட்மேப் கட்டளையை ஏற்காது. நேற்று ராத்திரி தொடங்கியது முடியட்டும், பிறகு போடுங்கள்.