வீட்டுத் தோட்டமும் பருவங்களின் ஆணையும்

ஒரே கடையில் வாங்கிய ஒரே வகை விதையை அடுத்தடுத்த வீட்டார் இருவர் விதைக்கின்றனர். ஒருவர் தோட்டத்தில் காலிபிளவர் வெண்மையாகத் திரண்டு பூக்கிறது. மற்றவர் தோட்டத்திலோ இலைகள் மட்டும் மண்டி நிற்கின்றன. முன்னவர் கைராசிக்காரர் என்றும், பின்னவருக்குக் கிடைத்த விதை மோசமானது என்றும் அயலார் முடிவு கட்டிவிடுகின்றனர். பெரும்பாலும் இவ்விரு முடிவுகளும் தவறானவை. விதைத்த தேதியே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருப்பதுண்டு.

செடிகள் தம்மைச் சூழ்ந்துள்ள நிலைமைகளை உணர்ந்து அதற்கேற்ப நடந்துகொள்கின்றன. பகலின் நீளம், வெப்பநிலை, மண்ணின் ஈரம் ஆகிய மூன்றும் அவற்றுக்குப் பருவத்தை அறிவிக்கும் அடையாளங்களாகும். எல்லாச் செடிகளும் ஒரே அடையாளத்துக்குக் கட்டுப்படுவதில்லை. எந்தச் செடி எதற்குக் கட்டுப்படுகிறது என்பதை அறிந்தவருக்குத் தோட்டத்து நிகழ்ச்சிகள் பலவும் எளிதில் விளங்கும்.

இதனை விளக்குவதற்கு டில்லியைச் சுற்றியுள்ள வட இந்தியச் சமவெளி மிகவும் ஏற்றது. அங்குப் பருவங்களின் வேறுபாடு மிகக் கூர்மையானது. டிசம்பர் மாத இறுதியில் டில்லியின் பகல் ஏறத்தாழ 10 மணி 20 நிமிடமே. ஜூன் இறுதியிலோ ஏறத்தாழ 14 மணி. சென்னையில் இவ்வேறுபாடு ஒன்றரை மணி அளவுதான். மேலும், ஜனவரியில் உறைபனி விழக்கூடிய அதே தோட்டத்தில் மே, ஜூன் மாதங்களில் 'லூ' என்னும் அனற்காற்று வீசுகிறது. ஜூலையில் பருவமழை தொடங்குகிறது.

பகலின் நீளம்

பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920-ஆம் ஆண்டில் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் ஆவர். அவர்கள் ஆராய்ந்த புகையிலை ரகம் ஒன்று கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வளர்த்தபோது அதே ரகம் சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. பகல் குறுகியதே இதற்குக் காரணம் என்று அவர்கள் கண்டறிந்தனர். இத்தகைய செடிகளில் இடையறாத இருளின் நீளமே முக்கியமானது என்பது பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

சாமந்தி இவ்வகையைச் சேர்ந்தது. டில்லித் தோட்டங்களில் மழைக்காலம் முழுவதும் அது இலையும் கிளையுமாக வளர்கிறது. செப்டம்பருக்குப் பின் இரவு நீளவே அரும்பு கட்டுகிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் தோட்டத்தை நிறைக்கிறது. தெருவிளக்கின் ஒளி இரவு முழுவதும் படும் இடத்தில் வைத்த சாமந்தித் தொட்டி காலந்தாழ்த்திப் பூப்பதையோ, பூவாமலே நிற்பதையோ காணலாம். அதற்கு எருவிட்டுப் பயனில்லை. தொட்டியை இருளான இடத்துக்கு மாற்றுவதே பரிகாரம்.

வெங்காயத்தின் இயல்பு இதற்கு மாறானது. பகல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு நீண்ட பின்னரே அதன் அடிப்பாகம் பருத்துக் காயாகிறது. குளிர் நாடுகளுக்குரிய ரகங்கள் பலவற்றுக்கு 14 மணி அல்லது அதற்கும் மேற்பட்ட பகல் தேவை. அவற்றின் விதையை நம் சமவெளியில் விதைத்தால் தாளைக் கிள்ளிச் சமைக்கலாமேயன்றிக் காயை எதிர்பார்க்க இயலாது. குறைந்த பகலிலேயே காய் பிடிக்கும் ரகங்களே நம் சமவெளிக்கு உரியவை. ஆகவே விதை வாங்கும்போது அது எந்தப் பகுதிக்கு உரிய ரகம் என்று கேட்டறிதல் இன்றியமையாதது.

குளிரும் வெப்பமும்

காலிபிளவருக்குப் பருவத்தை அறிவிப்பது வெப்பநிலை. இப்பயிர் 1822-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குளிர் நாட்டுப் பயிராகிய இது நம் வெப்பத்தில் முதலில் நன்கு வாய்க்கவில்லை. வெப்பத்தைத் தாங்கிப் பூத்த செடிகளையே தேர்ந்து, அவற்றின் விதையைத் தலைமுறை தலைமுறையாக எடுத்து வந்த நம் தோட்டக்காரர்களின் முயற்சியால் இந்திய ரகங்கள் தோன்றின. இவற்றுள் முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே பூக்கட்டும். 'ஸ்நோபால்' எனப்படும் பின்பருவ ரகங்களுக்கோ 10 முதல் 16 டிகிரி வரையுள்ள குளிர் தேவை.

முன்பருவ ரகத்தை மே, ஜூன் மாதங்களிலும், ஸ்நோபாலைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் நாற்றங்காலில் விதைப்பது டில்லி வழக்கம். இவ்வரிசை மாறினால் விளைவு வேறாகிவிடும். ஸ்நோபாலை ஜூனில் விதைத்தால் குளிர் வரும்வரை இலையே வளரும். முன்பருவ ரகத்தை அக்டோபரில் விதைத்தால், செடி போதிய அளவு வளருமுன்பே குளிர் தாக்கி, பொத்தான் அளவில் பூக்கட்டி நின்றுவிடும். தொடக்கத்தில் கூறிய அடுத்த வீட்டுக்காரரின் ஏமாற்றத்துக்கு விளக்கம் இதுவே.

தக்காளிக்குப் பகலின் நீளம் அவ்வளவு பொருட்டன்று. இரவின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும்போது அது நன்கு காய்பிடிக்கும். ஆகவே டில்லியில் ஜனவரிக் குளிரிலும், மே மாத வெயிலிலும் பூக்கள் உதிர்வது இயல்பே. அதனை நோயென்று கருதி மருந்து தெளிப்பது வீண்செலவாகும்.

செப்டம்பர், அக்டோபரில் விதைத்த பிளாக்ஸ், பெட்டூனியா முதலிய பூச்செடிகள் பிப்ரவரி, மார்ச்சில் மலர்ந்து, ஏப்ரல் வெப்பத்தில் விதை முற்றி மடிகின்றன. அவ்விடத்தை மழைக்காலத்தில் ஜின்னியாவும் வாடாமல்லியும் நிரப்பும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிந்து, காற்று அசையாதிருக்கும் இரவுகளில் உறைபனியை எதிர்பார்க்கலாம். பப்பாளிக் கன்றுகளும் தக்காளிச் செடிகளும் அதனால் கருகும். கன்றுகளின் மேல் வைக்கோற் கூரை அமைப்பதும், அன்று மாலை நீர் பாய்ச்சுவதும் நல்ல பாதுகாப்பு. ஈரமண் பகலில் மிகுதியான வெப்பத்தை ஏற்று இரவில் மெல்ல வெளிவிடுவதால் செடியைச் சுற்றியுள்ள குளிர் சற்றுக் குறைகிறது.

நீரும் வறட்சியும்

கொய்யா மரம் ஈரத்தின் ஆணைக்குப் பெரிதும் உட்பட்டது. வட இந்தியாவில் அது இருமுறை பூக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வரும் பூக்கள் மழைக்காலத்தில் பழுக்கின்றன. அப்பழங்கள் சுவையற்றவை, பழ ஈயின் புழுக்கள் அவற்றில் மிகுதி. ஜூன், ஜூலையில் வரும் பூக்கள் குளிர்காலத்தில் பழுத்து, இனிப்பும் மணமும் மிக்க பழங்களைத் தருகின்றன. முதற் காய்ப்பு மரத்தின் சத்தை உறிஞ்சிவிட்டால் இரண்டாவது காய்ப்புக் குறையும்.

ஆகவே அனுபவம் மிக்கவர்கள் பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரை வளர்ந்த கொய்யா மரத்துக்கு நீரை நிறுத்திவிடுகின்றனர். மரம் வாடி, கோடைப் பூக்களை உதிர்க்கும். ஜூனில் மரத்தடியைக் கொத்தி, எருவிட்டு, நீர் பாய்ச்சினால் புதுத் தளிரும் பூவும் தோன்றும். இம்முறையை இளங்கன்றுகளுக்குக் கையாளலாகாது.

மழைக்காலத்தில் சுரையும் பீர்க்கும் பந்தலில் ஏறுகின்றன. முதலில் தோன்றும் பூக்கள் அனைத்தும் உதிர்வதைக் கண்டு பலர் மனம் தளர்வதுண்டு. அவை ஆண்பூக்கள், உதிர்வதே அவற்றின் இயல்பு. அடியில் சிறு பிஞ்சுடன் கூடிய பெண்பூக்கள் பின்னரே வரும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. ஆகவே கையால் மகரந்தம் சேர்க்க விரும்புவோர் மாலையிலேயே அதனைச் செய்ய வேண்டும். காலையில் செய்யும் முயற்சி பயன்படாது. பழ ஈ தாக்கி விழுந்த பிஞ்சுகளை அவ்வப்போது திரட்டி ஆழக் குழியில் புதைத்தால் அடுத்த தலைமுறை ஈக்கள் குறையும்.

மரத்தின் உள்ளியல்பு

வெளிச் சூழ்நிலை ஒன்றே அனைத்தையும் முடிவு செய்வதில்லை. வட இந்தியாவின் புகழ்பெற்ற தசேரி மாமரம் ஓராண்டு மிகுதியாகக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். தென்னாட்டு நீலமோ ஆண்டுதோறும் காய்க்கும் இயல்புடையது. புது டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் இவ்விரண்டையும் இணைத்து, 1970-களில் மல்லிகா, ஆம்ரபாலி ஆகிய ரகங்கள் உருவாக்கப்பட்டன. ஆம்ரபாலி குட்டையாக வளர்ந்து ஆண்டுதோறும் காய்ப்பதால் சிறு தோட்டத்துக்கும் ஏற்றது.

தோட்டத்துப் பதிவேடு

டில்லிக்குரிய தேதிகளைப் பிற இடங்களில் அப்படியே பின்பற்றலாகாது. தமிழ்நாட்டில் ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் வழக்கில் உள்ளன. அங்கு வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே ஊரிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுதல் உண்டு. 1901 முதல் அதுவரை இருந்த பதிவுகளை நோக்க, 2022 மார்ச்சில் இந்தியாவின் சராசரிப் பகல் வெப்பம் மற்றெல்லா மார்ச்சு மாதங்களையும் மிஞ்சியது. வடக்கே கோதுமை விளைச்சலும் அவ்வாண்டு பாதிக்கப்பட்டது. பழைய பட்டங்களை இன்றைய நிலையுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவையை இது உணர்த்துகிறது.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். விதையின் ரகம், விதைத்த நாள், முதற் பூ, முதற் காய், மழை, பூச்சித் தாக்குதல் ஆகியவற்றைப் பள்ளி மாணவர் எழுதி வரலாம். ஒரே ரகக் காலிபிளவரைப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைத்து ஒப்பிடலாம். இரண்டு சாமந்தித் தொட்டிகளுள் ஒன்றை இரவில் விளக்கொளியில் வைத்துச் சோதிக்கலாம். களப் பணியாளர்கள், விளைச்சல் பொய்த்ததென்று குறை கூறுவோரிடம் முதலில் விதைத்த தேதியைக் கேட்டறிதல் நலம்.

சில ஆண்டுகளில் இக்குறிப்புகள் அவ்வூருக்கே உரிய பஞ்சாங்கமாக அமையும். கைராசியை ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்க இயலாது. விதைக்கும் நாளைக் கற்பிக்க இயலும். அடுத்த பட்டத்திலேயே அதன் பயனையும் காணலாம்.