மலைச்சரிவைக் காத்த வயல்நீர்

மேய்ச்சலைத் தடை செய்து வேலி அமைத்துவிட்டால் அழிந்த காடு தானே தழைக்கும் என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆனால், அந்நிலத்தை நம்பி வாழும் மக்களுக்கு மாற்று வழி காட்டாத வேலி நிலைப்பதில்லை. அரியானா மாநிலத்தின் சுகோமாஜ்ரி கிராமம் இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது.

ஏரியும் குன்றும்

சண்டிகர் நகரில் 1958-இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, சில ஆண்டுகளிலேயே வண்டலால் தூர்ந்து வந்தது. மண் பாதுகாப்பு அறிவியலாளர் பி. ஆர். மிஸ்ராவும் அவர்தம் குழுவினரும் இதன் காரணத்தைச் சிவாலிக் குன்றுகளில் கண்டனர். அங்குள்ள சுகோமாஜ்ரியின் மானாவாரி வயல்கள் போதிய விளைச்சல் தரவில்லை. எனவே மக்கள் ஆடுமாடுகளை நம்பினர். அவை குன்றுகளை மொட்டையாக்கின. மழை அம்மண்ணை ஏரியில் சேர்த்தது. ஆகவே, ஏரியைக் காக்க வேண்டுமானால் முதலில் வயலைக் கவனிக்க வேண்டியிருந்தது.

1976-இல் அங்கு ஒரு சிறு மண்ணணை கட்டப்பட்டது. தேங்கிய மழைநீர் கோதுமைப் பயிருக்குப் பாய்ந்தது. ஆனால், நிலமற்றோர் ஒரு நியாயமான வினாவை எழுப்பினர்: மேய்ச்சலைக் கைவிடுவது அனைவரும், பயன் பெறுவது நிலமுடையோர் மட்டுமா? இதற்கு விடையாக, நிலமற்ற குடும்பங்களுக்கும் நீரில் பங்கு உண்டென முடிவாயிற்று. வயல் இல்லாதவர் தம் பங்கைப் பிறருக்கு அளித்து ஈடு பெறலாம்.

இதன்பின், கிராமச் சங்கமே குன்றுகளைக் காத்தது. ஆடுகள் குறைந்தன; தொழுவத்தில் வைத்துத் தீவனமிடும் எருமைகள் பெருகின. கயிறு திரிக்கவும் காகிதம் செய்யவும் உதவும் பாபர் புல்லும், காசுக்கட்டி தரும் கைர் மரங்களும் சரிவுகளில் மீண்டும் வளர்ந்தன. ஏரிக்கு வரும் வண்டலும் வெகுவாகக் குறைந்தது.

பெற வேண்டிய பாடம்

எனினும், பிந்தைய ஆண்டுகளில் அணைகளில் வண்டல் படிந்தது. புல் வருவாயைப் பகிர்வதில் சங்கத்துக்கும் வனத்துறைக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. மக்களின் ஆர்வம் தளர்ந்தது. அணை கட்டுவதற்கு ஒதுக்கப்படும் நிதியைப் போலவே, அதன் பராமரிப்புக்கும் பயன் பகிர்வுக்கும் திட்டத்தில் உறுதியான இடம் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

வனம், வேளாண்மை, கால்நடை ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உள்ளன. ஆனால், ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் இவை மூன்றும் ஒரே நிலத்தின் கூறுகளே. நிலப் பயன்பாட்டுத் திட்டம் தீட்டுவோர், நிலமற்ற குடும்பத்துக்கும் அதில் பங்குண்டா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். அப்பங்கு உறுதியானால் குன்றைக் காக்கும் பொறுப்பை மக்களே ஏற்பர்.