இரண்டாவது கப்பல்

கிரேக்கப் போர் என்றதும் நம் நினைவுக்கு வருவது திராய் நகரத்து மரக்குதிரை. அது காவியக் கதை. இன்று நாம் காணப்போவதோ, கி.மு. 427இல் உண்மையாகவே நடந்தது.

பண்டைய கிரேக்கம் ஒரே நாடாக இருக்கவில்லை. பல நகர அரசுகளாகப் பிரிந்திருந்தது. கடற்படையில் வலியது ஏதென்ஸ். தரைப்படையில் வலியது ஸ்பார்ட்டா. பாரசீகரை எதிர்ப்பதற்காகக் கி.மு. 478இல் பல தீவுகள் ஏதென்ஸின் தலைமையில் கூட்டணி சேர்ந்தன. நாளடைவில் கூட்டாளிகள் கப்பம் கட்டுவோரானார்கள். ஏதென்ஸின் வளர்ச்சி கண்டு ஸ்பார்ட்டா அஞ்சியது. கி.மு. 431இல் போர் மூண்டது.

கி.மு. 428இல் லெஸ்போஸ் தீவிலுள்ள மிட்டிலீனி நகரம் ஏதென்ஸை எதிர்த்து எழுந்தது. எழுப்பியவர்கள் மேல்குடியினர். முற்றுகையில் உணவு தீர்ந்துபோகவே, சாதாரண மக்களின் கையிலும் ஆயுதம் கொடுத்தார்கள். மக்களோ, பதுக்கிய தானியத்தை வெளியே எடுத்து எல்லாருக்கும் பங்கிட வேண்டும், இல்லையேல் நகரை ஒப்படைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். நகரம் பணிந்தது.

ஏதென்ஸில் குடிமக்களே சபை கூடி முடிவெடுப்பார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் இடமில்லை. கோபத்திலிருந்த அச்சபை, மிட்டிலீனியின் ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்டு பிள்ளைகளை அடிமையாக விற்கவும் தீர்மானித்தது. உத்தரவோடு கப்பல் புறப்பட்டது.

மறுநாள் பலருக்கு மனம் உறுத்தியது. சபை மீண்டும் கூடியது. முடிவை மாற்றக் கூடாதென்றார் கிளியோன். டியோடோட்டஸ் என்பவர் எழுந்து, எளிய மக்களையும் கொன்றால், நாளை வேறெந்த நகரத்திலும் அவர்கள் நம் பக்கம் நிற்கமாட்டார்கள் என்று வாதிட்டார். இரக்கத்தைப் பற்றி அவர் பேசவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இலாப நட்டம்தான் பேசினார். மிகச் சில வாக்குகளில் அவர் பக்கம் வென்றது.

இரண்டாவது கப்பல் விரைந்தது. முதல் கப்பல் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முந்திவிட்டது. தூரமோ 300 கிலோமீட்டருக்கும் அதிகம். இத்தகைய கப்பலில் துடுப்பு வலிப்போர் 170 பேர். திராட்சை மதுவும் எண்ணெயும் கலந்து பிசைந்த வாற்கோதுமை மாவை வலித்துக்கொண்டே உண்டார்கள், முறைவைத்து உறங்கினார்கள். முதல் கப்பல் ஏன் வேகமாகப் போகவில்லை என்று வகுப்பில் பிள்ளைகள் எங்களைக் கேட்பதுண்டு. போகும் காரியம் பிடிக்காததால் அவர்கள் மெல்லவே வலித்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் துசிடைடிஸ். தளபதி பாக்கஸ் உத்தரவைப் படித்து முடித்த வேளையில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

ஊர் பிழைத்தது, ஆனால் எல்லாரும் பிழைக்கவில்லை. கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று 1,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகத் துசிடைடிஸ் எழுதியிருக்கிறார். மதில்கள் இடிக்கப்பட்டன. தீவின் பெரும்பகுதி நிலம் 3,000 பங்காகப் பிரிக்கப்பட்டது. 300 பங்கு தெய்வங்களுக்கு, மீதி ஏதென்ஸ்காரர்களுக்கு. உழுதவர்கள் அந்தத் தீவு மக்களேதாம். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 200 திராக்மா குத்தகை. கப்பலில் துடுப்பு வலித்தவரின் நாட்கூலி ஒரு திராக்மா, சில காலம் அதற்கும் குறைவு. நேற்றுவரை தங்களுடையதாக இருந்த நிலத்துக்கு அவர்கள் கட்டிய குத்தகை அது.

ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் எப்படித் தோற்றது என்பதை அடுத்த உரையில் காண்போம்.