கல்லை எப்போது உடைப்பது?

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வாங்க வருகிறவர்களுக்கு முதலில் எழும் சந்தேகம் ஜரிகை மீதுதான். அசலா, போலியா? முன்பெல்லாம் ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் நிம்மதி. ஆனால் சுரண்டிய இடம் சுரண்டியதுதான், சரிசெய்ய முடியாது. இன்று அந்த வேலைக்கு எக்ஸ்ஆர்எஃப் கருவி இருக்கிறது. எக்ஸ் கதிர் பட்டதும் தங்கம், வெள்ளி, செம்பு ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரை வெளியிடும். அதை அளந்தே எது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஓர் இழைகூட அறுபடாது.

செவ்வாயில் பாறைகளைப் படிக்கும் கருவிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1997இல் அங்கே ஓடிய சோஜர்னர் ஊர்தியில் ஒன்று இருந்தது. ஜெசெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் ஒன்று இருக்கிறது. 2023இல் நிலவில் இறங்கிய நம் பிரக்யானும் ஒன்றைக் கொண்டுபோனது. இந்தக் கருவிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. மேல்தோலைத் தாண்டி அதிகம் பார்க்காது. தூசி படிந்த பாறையின் மேல் வைத்தால் தூசியின் கணக்கையே சொல்லும். தூசியைத் துடைத்தாலும் போதாது. கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிற்பங்கள் 1,300 ஆண்டுகளில் எப்படி அரித்துப்போயிருக்கின்றன என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பாறையின் புறத்தோல் காற்றும் ஈரமும் செய்த வேலை. பாறை பிறந்த கதை உள்ளே இருக்கிறது. அதனால்தான் பெர்சிவரன்ஸ் முதலில் 5 சென்டிமீட்டர் அகல வட்டமாகப் பாறையைத் தேய்த்து, தூளை வாயுவால் ஊதித் தள்ளிவிட்டு, பிறகு படிக்கிறது.

தொடாமல் பார்ப்பது, தேய்ப்பது, கடைசியில் உடைப்பது. இந்த வரிசை தவறினால் மீட்க வழியில்லை. பூமியில் நடத்தப்படும் மாதிரிச் செவ்வாய்ப் பயணங்களில் பழகிக்கொள்வதற்கான வேலைகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் மார்ஸ் சொசைட்டி நடத்தும் நிலையத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழுக்கள் போய்வருகின்றன. நம் நாட்டில் லடாக்கின் சோ கார் பள்ளத்தாக்கில், 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பெங்களூருவின் புரோட்டோபிளானட் நிறுவனம் இஸ்ரோவின் ஆதரவோடு ஹோப் நிலையத்தை அமைத்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 10 வரை இரண்டு பேர் அதில் தங்கினார்கள். உடல்நலச் சோதனைகளோடு மாதிரி சேகரிப்பும் நுண்ணுயிர் ஆய்வும் அவர்களுடைய வேலைப் பட்டியலில் இருந்தன. கடும் புற ஊதாக் கதிர், மெலிந்த காற்று, உறைந்த உப்பு நிலம் என்று பழங்காலச் செவ்வாயை ஒத்த இடம் அது.

இப்படிப்பட்ட பயிற்சிகளில் விண்வெளி உடையும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். கல்லைப் பார்த்ததும் எடுத்துவிடக் கூடாது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறிக்க வேண்டும், பைக்கு எண் போட வேண்டும். உயிரின் தடயம் தேடுவதென்றால் கல் வைக்காத வெற்றுப் பையும் கூடவே வரவேண்டும். நம் கையிலிருந்து என்ன ஒட்டிக்கொண்டது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

இருந்த இடம் தெரியாத கல் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ச் சான்று ஒன்று உண்டு. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் ஒரு விண்கல் விழுந்தது. அது செவ்வாயிலிருந்து வந்தது என்பது நூறாண்டுக்கும் மேல் கழித்தே தெரிந்தது. செவ்வாய்க் கற்களில் ஒரு வகைக்கே அந்த ஊர்ப் பெயர்தான். ஆனால் செவ்வாயின் எந்தப் பாறை அடுக்கிலிருந்து பெயர்ந்தது, அதைச் சுற்றி என்ன இருந்தது என்பதை அந்தக் கல் சொல்லாது.

பயிற்சி நிலையத்துக்குள் திரும்பியபின் கல்லை இரண்டாக்கி ஒரு பாதியைத் தொடாமல் எடுத்துவைப்பார்கள். மறு பாதியிலிருந்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான கற்சீவல் செய்யலாம். வைர அலகால் ஒரு துண்டு அறுத்து, கார்போரண்டம் தூளில் ஒரு முகத்தைச் சமமாகத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மறுமுகத்தைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். 0.03 மில்லிமீட்டர் வந்ததும் நிறுத்த வேண்டும். அதை அளக்கக் கருவி தேடவேண்டியதில்லை. தளவிளைவு நுண்ணோக்கியில் குறுக்குத் தகடுகளுக்கு நடுவே வைத்தால், குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரியும்வரை சீவல் இன்னும் தடிப்பு. வெளிர் சாம்பலுக்கு மாறினால் சரி. அதன்பின் இரண்டு தேய்ப்பு கூடுதலாகிவிட்டால் சீவலே காணாமல் போய்விடும்.

சோ கார் போன்ற உப்பு நிலத்தில் இன்னொரு சிக்கல். வழக்கம்போல் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் நாம் தேடி வந்த உப்பே கரைந்து ஓடிவிடும். எண்ணெய் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். சில உப்புகள் அறையின் வெப்பத்திலும் வறட்சியிலும் தமக்குள் இருக்கும் நீரை இழந்து வேறு கனிமமாகவே மாறிவிடும். மேசையில் வைத்துப் பார்ப்பது வெளியே எடுத்த அதே பொருள்தானா என்ற கேள்வி அப்போது வரும். இதையெல்லாம் லடாக்கில் பட்டுத் தெரிந்துகொண்டால் இழப்பு ஒரு பை உப்பு, அவ்வளவுதான்.

செவ்வாயில் அப்படி இல்லை. 2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் துளையிட்டு எடுத்த ‘சஃபையர் கேன்யன்’ மாதிரியில் பழைய நுண்ணுயிர்களின் தடயம் இருக்கக்கூடும் என்று 2025இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். உயிரில்லாமலும் அத்தகைய தடயங்கள் உண்டாகலாம். ஊர்தியின் கருவிகளால் அதைத் தீர்க்க முடியாது. பூமியின் ஆய்வகத்துக்கு வந்தாக வேண்டும். வந்தாலும் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழிக்க மாட்டார்கள். 1972இல் அப்பல்லோ 17 கொண்டுவந்த நிலவு மாதிரி ஒன்றின் முத்திரையை 2022இல்தான் உடைத்தார்கள். ஐம்பது ஆண்டு காத்திருந்ததால் புதிய கருவிகள் கிடைத்தன.

நம் மாதிரிப் பயணங்களைப் பற்றிய செய்திகளில் நிலையமும் வீரர்களின் உடல்நிலையுமே பெரிதாக வருகின்றன. கல் வேலைக்கும் அதே மதிப்பு வேண்டும் என்பது என் கருத்து. சந்திரயானின் தரையிறங்கு சோதனைக்கு வேண்டிய நிலவு மண்ணுக்காக நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் பாறையைத் தேடிப் போனது இஸ்ரோ. எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று நிலவியல் படித்தவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. தமிழ்நாட்டு நிலவியல் துறைகளில் கற்சீவல் தேய்த்துப் பழகிய மாணவர்கள் இருக்கிறார்கள். அடுத்த குழு லடாக்குக்குக் கிளம்பும்போது அவர்களில் ஒருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்.