காதுக்கு ஏற்ற குரல்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் நடந்து சென்றவர்கள், நடைபாதையில் பதிக்கப்பட்டுள்ள மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகளைக் கவனித்திருப்பார்கள். பார்வையற்றோர் கால்களாலும் வெள்ளைக் கைத்தடியாலும் அவற்றை உணர்ந்து வழியறிந்து நடக்கின்றனர். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இயங்கி வருகிறது. சாலையில் நடக்க அந்த ஓடுகள் துணைசெய்கின்றன. கணினித் திரையில் உள்ள ஒரு மின்னஞ்சலைப் படிக்க எது துணைசெய்யும்? எழுத்தைப் பேச்சாக மாற்றித் தரும் செயற்கைக் குரல் துணைசெய்யும். அத்தகைய குரல்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பயனரின் முன் நிற்கும் கேள்வி.

ஒரு காலத்தில் பார்வையற்ற ஒருவருக்குக் கடிதம் வந்தால், அதை வேறொருவர்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட புள்ளி எழுத்துமுறை, நூல்களைத் தாமே படிக்கும் வாய்ப்பை அவர்களுக்குத் தந்தது. எனினும், வங்கியும் மருத்துவமனையும் அனுப்பும் கடிதங்கள் பெரும்பாலும் அச்செழுத்தில்தான் வந்தன. சேமிப்பில் எவ்வளவு பணம் உள்ளது, இரத்தப் பரிசோதனையின் முடிவு என்ன, நெருங்கிய நண்பர் என்ன எழுதியிருக்கிறார் என்பவற்றையெல்லாம் கடிதத்துக்கு உரியவர் அறியும் முன்பே இன்னொருவர் அறிந்துவிடுவார். படித்துக் காட்டுபவர் அன்பானவராகவே இருந்தாலும், அவருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த நிலையை மாற்றிய மென்பொருளே திரைவாசிப்பான். திரையில் தோன்றும் எழுத்துகளையும் பொத்தான்களையும் அறிந்து, அவற்றைக் குரலாக ஒலிக்கச் செய்வது இதன் பணி. கணினிக்கான ‘ஜாஸ்’ என்னும் திரைவாசிப்பான் 1989இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் 2006இல் உருவாகத் தொடங்கிய ‘என்விடிஏ’ இலவசமாகக் கிடைக்கிறது. அதை உருவாக்கியவர்களும் பார்வையற்றவர்களே. 2009 முதல் ஐபோனிலும் ‘வாய்ஸ்ஓவர்’ என்னும் திரைவாசிப்பான் உள்ளிணைக்கப்பட்டு வருகிறது.

திரைவாசிப்பானும் குரலும் ஒன்றல்ல. எதைப் படிக்க வேண்டும், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதைத் திரைவாசிப்பான் முடிவு செய்கிறது. அதை ஒலியாக்கித் தருவது குரல். ஆகவே, ஒரே திரைவாசிப்பானில் பல குரல்களை நிறுவி, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

செயற்கைக் குரல்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் உருவாகின்றன. முதல் வகையில் எந்த மனிதரின் பேச்சுப் பதிவும் இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தகைய ஒலி எழ வேண்டும் என்ற விதிகளைக் கொண்டு கணினியே ஒலியைக் கணக்கிட்டு உண்டாக்குகிறது. இக்குரல் இயந்திரம் பேசுவதுபோல் இருக்கும். இரண்டாம் வகையில், ஒருவர் பல மணி நேரம் பேசிப் பதிவு செய்த ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, தேவைக்கேற்ப ஒட்டுகிறார்கள். மூன்றாம் வகையில், மனிதப் பேச்சின் பதிவுகளைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். பயிற்சி பெற்ற கணினி ஏற்ற இறக்கத்துடன் புதிய சொற்றொடர்களைப் பேசுகிறது. இன்று மனிதக் குரலோ என்று மயங்கவைப்பவை இந்த மூன்றாம் வகைக் குரல்களே.

அப்படியானால், எல்லாரும் மூன்றாம் வகையையே தேர்ந்தெடுப்பார்கள் என்று தோன்றும். ஆனால், பல ஆண்டுகளாகத் திரைவாசிப்பானைப் பயன்படுத்தி வருவோரில் பலர் முதல் வகைக் குரலையே விரும்புகின்றனர். இதற்கு முதற்காரணம் வேகம். ஆங்கிலத்தில் இயல்பாக உரையாடுபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 180 சொற்கள் பேசுவார். பழகிய பயனர்களோ 300 சொற்களுக்கு மேலும் கேட்டுப் புரிந்துகொள்கின்றனர். 400ஐத் தாண்டுவோரும் உண்டு. அந்த வேகத்தில் மனிதக் குரலைப் போன்ற குரல்களில் ஒலிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடக்கூடும். விதிகளால் உருவான குரல் அப்போதும் தெளிவாக ஒலிக்கும். மேலும், விசையை அழுத்திய உடனே அது பேசத் தொடங்கும். ஒரு நாளில் பலநூறு முறை விசையை அழுத்துபவருக்கு, ஒவ்வொரு முறையும் ஏற்படும் சிறு தாமதம்கூடப் பெருஞ்சுமையாகும். ‘எலோகுவென்ஸ்’ என்னும் குரல் இத்தகையது. பழைய குரலாக இருந்தும் பயனர்களிடையே மதிப்பிழக்காத இக்குரலை, ஆப்பிள் நிறுவனம் 2022இல் தன் ஐபோன்களில் சேர்த்தது.

மின்னஞ்சலைப் படிக்கும் முறையை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். காலையில் அலுவலகத்தில் அஞ்சல் பெட்டியைத் திறக்கும் ஒருவருக்கு நாற்பது மின்னஞ்சல்கள் காத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பார்வையுள்ளவர் பட்டியலை ஒரு நொடியில் கண்ணால் மேய்ந்துவிடுவார். காதால் படிப்பவரோ, அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் ஒவ்வொன்றாகக் கேட்டே வேண்டாதவற்றைத் தள்ள வேண்டும். அங்கே விரைவான குரல் வேண்டும். பட்டியலில் வெளியூரில் வாழும் அக்காள் எழுதிய நீண்ட மடல் ஒன்று இருந்தால், அதை இயல்பான குரலில் நிதானமாகக் கேட்க மனம் விரும்பும். வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லும் மின்னஞ்சலுக்கு வேறொரு கவனம் தேவை. அனுப்பியவரின் முகவரி உண்மையானதா என்பதை எழுத்தெழுத்தாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஓர் எழுத்துக்குப் பதிலாக எண் ஒன்றைச் செருகி ஏமாற்றும் போலி முகவரிகளை, முழுச் சொல்லாகக் கேட்கும்போது கண்டுபிடிப்பது கடினம். எனவே, ஒரே பயனர் ஒன்றுக்கு மேற்பட்ட குரல்களையும் வேகங்களையும் வைத்திருப்பது வியப்பன்று.

தமிழ் மின்னஞ்சல் என்றால், தேர்வில் வேறு சில கூறுகளும் சேர்ந்துகொள்கின்றன. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் வருகிறது. ஆனால், அது மூன்று வகையாக ஒலிக்கிறது. எழுத்து வரும் இடத்தைக் கொண்டு ஒலியைக் கணிக்கும் விதி குரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விதியும் எல்லா இடங்களிலும் உதவாது. ‘காற்று’, ‘காந்தி’ ஆகிய இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் வெவ்வேறாக ஒலிக்கின்றன. அதனால், ஆட்பெயர்களையும் பிறமொழிச் சொற்களையும் ஒரு குரல் எவ்வாறு சொல்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

லகர, ளகர, ழகரங்களைப் பிரித்து ஒலிப்பது இன்னொரு தேர்வு. ‘நாளை பள்ளி இல்லை’ என்ற செய்தியை ‘நாளை பல்லி இல்லை’ என்று வாசிக்கும் குரலால் என்ன பயன்? ‘வாழை’யும் ‘வாளை’யும் காதில் ஒன்றாக விழுந்தால், கேட்பவர் ஒவ்வொரு முறையும் நின்று ஊகிக்க வேண்டியிருக்கும். ‘ந’, ‘ன’ ஆகிய இரண்டும் ஒலியில் ஏறத்தாழ ஒன்றே என்பதால், எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது குரல் அவற்றை வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். இல்லையெனில், பார்வையற்ற மாணவர் தாம் எழுதிய விடையில் உள்ள எழுத்துப்பிழையைத் தாமே திருத்த இயலாது.

நம் நாட்டு மின்னஞ்சல்களில் ஒரு மொழி மட்டும் இருப்பது அரிது. தமிழில் எழுதிய மடலில் மலாய்ச் சாலைப் பெயரும் ஆங்கிலப் பதவிப் பெயரும் கலந்து வரும். தமிழ் எழுத்துகள் வேறு வடிவில் இருப்பதால், அவற்றைக் கண்டவுடன் தமிழ்க் குரலுக்கு மாறுமாறு அமைத்துக்கொள்ள வழி உண்டு. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்து ஒன்றே என்பதால் அங்கே சிக்கல் எழுகிறது. மலாயில் ‘நீர்’ என்று பொருள்படும் சொல்லும், ஆங்கிலத்தில் ‘காற்று’ என்று பொருள்படும் சொல்லும் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆங்கிலக் குரல் அந்த மலாய்ச் சொல்லைக் ‘காற்று’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லாகவே வாசிக்கும். இத்தகைய இடங்களில் எந்தக் குரல் வேண்டும் என்பதைப் பயனரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்க் குரல்களின் எண்ணிக்கை இப்போது பெருகி வருகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இணையவழிக் குரல் சேவையில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளுக்கும் தனித்தனித் தமிழ்க் குரல்கள் உள்ளன. மலேசியாவுக்கான குரல்களின் பெயர்கள் கனி, சூர்யா. சிங்கப்பூருக்கானவை வெண்பா, அன்பு. இணையவழிக் குரல் இனிமையாக ஒலித்தாலும், அது பேசுவதற்கு இணைய இணைப்பு வேண்டும். படிக்க வேண்டிய வரிகளும் நிறுவனத்தின் கணினிக்குச் சென்று திரும்ப வேண்டும். ‘என்விடிஏ’வுடன் வரும் ‘ஈஸ்பீக்’ என்னும் சிறிய குரலோ, பயனரின் கணினிக்குள்ளேயே இருந்து தமிழையும் வாசிக்கிறது. அதன் ஒலி இயந்திரத்தன்மை உடையதுதான். ஆயினும், மருத்துவரின் கடிதத்தைத் தம் கணினியை விட்டு வெளியே அனுப்ப விரும்பாத ஒருவருக்கு அதுவே ஏற்றதாக இருக்கலாம்.

குரலைத் தேர்ந்தெடுப்பது மூக்குக்கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது போன்றது. பார்ப்பவர்களுக்கு அழகாகத் தோன்றுவதைவிட, அணிபவரின் கண்ணுக்குப் பொருந்துவதே முக்கியம். மெல்லிய உச்சக் குரல் ஒருவருக்குத் தெளிவாகக் கேட்கும்; செவித்திறன் குறைந்த முதியவருக்குத் தாழ்ந்த குரல் எளிதாக இருக்கலாம். ஐந்து நிமிடம் கேட்கும்போது இனிக்கும் குரல், ஐந்து மணி நேரம் கேட்டால் சலிப்பூட்டவும் கூடும். அதனால், குரலை மாதிரி வாக்கியத்தில் மட்டும் சோதிக்காமல், தமக்கு வந்த மின்னஞ்சல்கள் சிலவற்றைப் படிக்கவைத்துச் சோதிப்பதே சிறந்தது. தொலைபேசி எண், தேதி, தொகை, ‘திரு.’ போன்ற சுருக்கங்கள் ஆகியவை அவற்றில் இருக்கட்டும். தொடக்கத்தில் மெதுவாகக் கேட்டு, காது பழகப் பழக வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எழுதுபவரின் ஒத்துழைப்பின்றி அது முழுப்பயன் தராது. தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதினால், ஆங்கிலக் குரல் அதைச் சிதைத்தே வாசிக்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் தமிழாக ஒலிக்கும். அறிவிப்பைப் படமாக மட்டும் அனுப்பாமல், அதிலுள்ள செய்தியை எழுத்தாகவும் சேர்க்கலாம். ஒரே உணர்ச்சிக்குறியைப் பத்து முறை இட்டால், அதன் பெயரைப் பத்து முறை கேட்க நேரிடலாம் என்பதையும் நினைவில் கொள்ளலாம். மின்னஞ்சலுக்குத் தெளிவான தலைப்பு இடுவது, காதால் படிப்பவரின் நேரத்தைக் காக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் ஓடுகளைப் பதித்தவர்கள் வழியை அமைத்துத் தந்தார்கள். எங்கே செல்வது என்பதை நடப்பவர்தான் முடிவு செய்கிறார். செயற்கைக் குரலும் அப்படித்தான். அருகில் இருப்பவருக்கு அது புரியாத முணுமுணுப்பாகக் கேட்கலாம். ஆனால், அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தவருக்கு, தம் கடிதத்தைத் தாமே முதலில் படிக்கும் உரிமையை அது தருகிறது.